தகரச் சுவரில் ஒயர் நுழையும் துளைக்கு எது ஏற்றது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக் குசினியைப் பின்பக்கம் பன்னிரண்டு அடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தரை சிமெண்டு, தூண் மரம், சுவரும் கூரையும் தகரம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புக்கு வந்த நம் ஆட்கள் பலர் வீட்டைப் பெரிதாக்கும் விதம் இதுதான். செங்கல் சுவருக்குக் காசு சேரும்வரை தகரம் தாங்கும். புதுக் குசினிக்குள் ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் மெஷின், ரைஸ் குக்கர், இரண்டு விளக்கு. மருமகன் ஹார்ட்வேர் கடையில் நின்றுகொண்டு போன் போட்டான். "மாமா, தகரத்துல ஓட்டை போட்டு ஒயர் விடணும். ரப்பர் வளையம் காட்டுறாங்க, பிளாஸ்டிக்ல மரை போட்டது ஒன்னு, பித்தளைல ஒன்னு, வெள்ளைப் பைப்பும் இருக்கு. எதை வாங்கட்டும்?"

எதையும் வாங்காமல் வீட்டுக்கு வா என்றேன். முப்பது வருஷம் செம்பனை ஆலையில் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் நான் பார்த்த ஒயர்க் கோளாறுகளில் நடு ஒயரில் வந்தவை கொஞ்சம்தான். ஒயர் ஒரு தகட்டையோ சுவரையோ கடக்கும் இடத்தில் வந்தவையே அதிகம். கடையில் யாரும் ஒயரின் அளவைக் கேட்காமல் விடுவதில்லை. துளையைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

முதலில் துளைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போடும் 1.5 சதுர மில்லி ஒயரின் பிவிசி காப்பு 0.7 மில்லிமீட்டர் தடிப்பம். 2.5 ஒயருக்கு 0.8. செம்புக்கும் தகரத்துக்கும் நடுவே நிற்பது அவ்வளவுதான். வெளியுறை உள்ள ஒயர் என்றால் இன்னொரு தோல் கூடும். தகரமோ அரை மில்லி தடிப்பம்கூட இல்லாதது, டிரில் போட்ட விளிம்பு சவரக் கத்தி போல நிற்கும். அந்தத் தகரம் சும்மாவும் இருப்பதில்லை. 3 மீட்டர் நீளத் தகடு வெயிலில் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும். மழைக்காற்றில் அதிரும். ஐஸ்பெட்டி மோட்டார் ஓடும்போதெல்லாம் நடுங்கும். தினம் ஒரு முறை போய்வரும் ரம்பத்தை ஒயர்மேல் வைத்தது போலத்தான். ஒரே நாளில் அறுக்காது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து, வேலை செய்தவர் யாரென்பதே மறந்துபோன பிறகு அறுக்கும்.

அறுத்துவிட்டால், கரண்டு கசிந்ததும் தானே அணைத்துவிடும் ஈ.எல்.சி.பி சுவிட்சு விழுந்துவிடுமே என்று மருமகன் கேட்டான். இந்தக் கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். தகரம் மரத் தூணில் அறைந்திருக்கிறது. காய்ந்த மரம் கரண்டை மண்ணுக்கு விடாது. லைவ் ஒயர் தகரத்தைத் தொட்டால் சுவர் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும், ஆனால் கசிவு ஓட வழி இல்லை. கசிவு ஓடினால்தான் ஈ.எல்.சி.பி விழும். விளக்கு எரியும், ஐஸ்பெட்டி ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஈரக் காலோடு அக்கா சுவரில் கை ஊன்றும் நேரத்தில்தான் கரண்டுக்கு வழி கிடைக்கும். அந்த வழி அவள் உடம்பு. உடம்பின் தடையை 2,000 ஓம் என்று வைத்தால் 115 மில்லிஆம்பியர். செருப்புப் போட்டு, கையும் கொஞ்சம் உலர்ந்திருந்து 3,500 ஓம் என்றால் 65 மில்லிஆம்பியர். பழைய வீடுகளில் மெயினுக்கு ஒரே ஒரு 100 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி இருப்பதுண்டு. 65க்கு அது விழும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதயத்தைத் தடுமாற வைக்க 65 போதும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியரும் ஈரத்தரை இடங்களுக்கு 10 மில்லிஆம்பியரும் கேட்பது இதனால்தான். குசினிக்குத் தனி 30 போடச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தச் சுவிட்சு ஆள் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். ஆள் தொட்டாலும் ஒன்றும் ஆகாதபடி செய்ய வேண்டிய இடம் துளை.

சுவரையே எர்த் செய்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்தால் நல்லதுதான், அதை மட்டும் நம்ப முடியாது. தகடு தகடாக மரத்தில் ஆணி அறைந்த சுவர் அது. ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே துருவும் பெயிண்டும். இன்று எர்த்தோடு சேர்ந்திருக்கும் தகடு அடுத்த வருஷம் சேர்ந்திருக்குமா, தெரியாது.

இனி கடையில் காட்டியவை. டேப்பும் சிலிக்கானும் முதலில் கழிந்துவிடும். கறுப்பு டேப்பைச் சுற்றி, மேலே சிலிக்கானைப் பிதுக்கிவிட்டால் வேலை முடிந்தது போலத் தெரியும். நம் வெயிலில் டேப் பசை உருகி வழியும், டேப் பிரியும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அமிலத்தை விடும், அது நாகம் பூசிய தகரத்தையும் செம்பையும் அரிக்கும். தண்ணீர் அடைக்க வேண்டிய இடத்தில் வாடையில்லாத நியூட்ரல் சிலிக்கானைப் பூசலாம், அடைப்பாக மட்டும். காப்பாக எண்ணக் கூடாது.

அடுத்தது ரப்பர் வளையம். கடைக்காரர்கள் குரோமெட் என்பார்கள். துளை விளிம்பைப் பள்ளத்தில் கவ்விக்கொள்ளும், ஒயர் நடுவே போகும். விலை சென் கணக்கு. உலர்ந்த இடத்தில், இரும்புப் பெட்டிக்குள், ஒன்றரை இரண்டு மில்லித் தகட்டில் இதற்கு ஈடு இல்லை. கரண்டைப் பிரித்து விடும் டி.பி பெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், கூரை மின்விசிறி ரெகுலேட்டர் என்று நான் போட்ட வளையங்களுக்குக் கணக்கில்லை.

ஆனால் தகரச் சுவருக்கு இதை நான் போடமாட்டேன். அந்தப் பள்ளம் தடித்த தகட்டுக்கு வெட்டியது. அரை மில்லித் தகரத்தில் ஆடும், ஒயரை ஒரு முறை இழுத்தால் வளையம் பிதுங்கி வெளியே வரும், மறுபடி யாரும் உள்ளே திணிப்பதில்லை. வளையம் ஒயரைப் பிடிப்பதுமில்லை, உராய்வைத் தள்ளிப்போடுவதோடு சரி. பிறகு ரப்பரின் குணம் இருக்கிறது. 1877இல் கொண்டுவந்து நட்ட ரப்பர் கன்றுகளில் ஒரு மரம் பக்கத்துக் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. பால் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது, ரப்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும். ஆலையில் எண்ணெய் பிழியும் பிரஸ் பக்கம் போட்ட வளையங்கள் ஒரே வருஷத்தில் களிமண் போல ஆனதைக் கையால் எடுத்துப் பார்த்தவன் நான். அங்கெல்லாம் நைட்ரைல் ரப்பருக்கு மாறினோம். எண்ணெய்க்கு நைட்ரைல், வெயிலுக்கு ஈ.பி.டி.எம் என்று ரப்பரிலேயே பங்கு பிரிந்திருக்கிறது. ஈ.பி.டி.எம் எண்ணெய்க்கு ஆகாது. கடையில் மூன்றும் கறுப்பாகத்தான் இருக்கும். அக்காவின் குசினியில் தாளிக்கும் எண்ணெய்ப் புகை உள்ளே, வெயில் வெளியே. எந்த ரப்பரை வாங்கினாலும் ஒரு பக்கம் தோற்கும்.

மரை போட்ட பிளாஸ்டிக் என்று மருமகன் சொன்னது நைலான் கிளாண்ட். ஒரு பக்கம் நட்டு, மறுபக்கம் மூடி. மூடியை முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஒயரைச் சுற்றி இறுகும். வளையத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்: கிளாண்ட் ஒயரைப் பிடிக்கிறது. இழுத்தால் வராது, தகரம் நடுங்கினாலும் ஒயர் கிளாண்டோடு சேர்ந்து நடுங்குமே தவிர விளிம்பில் உரசாது. தண்ணீரும் போகாது, எறும்பும் போகாது. நம் ஊரில் எறும்பைச் சின்ன விஷயம் என்று விட முடியாது, சுவிட்சுப் பெட்டிக்குள் கூடு கட்டிக் காண்டாக்டைக் கெடுத்த கதை எந்த வயர்மேனிடமும் இருக்கும்.

எம்20 என்று எழுதியிருக்கும் கிளாண்டுக்கு 20 மில்லித் துளை. பெரும்பாலும் 6 முதல் 12 மில்லி வரை உருண்டையான ஒயரைப் பிடிக்கும். உருண்டையான ஒயர் என்பதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். தட்டை ஒயரை உள்ளே விட்டால் இரு பக்கமும் இடைவெளி விழும், தண்ணீர் அதன் வழியே இறங்கும். ஒரு கிளாண்டில் இரண்டு ஒயர் விட்டாலும் அதே கதை. வெளிப்பக்கத்துக்குக் கறுப்பு நிறமே வாங்க வேண்டும். வெள்ளையும் சாம்பலும் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். குறை என்று சொன்னால், மெல்லிய தகரத்தில் நட்டை முறுக்கினால் தகடு குழியும், ஒயரின் கனத்தில் தலை தொங்கும். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், கீழே வருகிறேன்.

பித்தளைக் கிளாண்டு நல்ல பொருள், ஆனால் வேறு வேலைக்கு. இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய ஆர்மர் கேபிளை இரும்புப் பெட்டிக்குள் கொண்டுவரும்போது அந்தக் கவசத்தைக் கூம்புக்குள் இறுக்கி, எர்த்தோடு சேர்த்துப் பிடிப்பது இதன் தொழில். மண்ணுக்கடியில் வரும் லைனுக்கு இதுதான் வேண்டும். தகரக் குசினியில் சாதாரண ஒயருக்குப் பித்தளையைப் போட்டால் உலோகத்தின் நடுவே இன்னொரு உலோகத்தை வைத்ததாகும். பளபளப்பைப் பார்த்து மருமகன் அதைத்தான் முதலில் எடுத்து வைத்திருந்தான்.

வெள்ளை பிவிசி பைப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் செங்கல் சுவருக்கு என் கை தானாக அதைத்தான் எடுக்கும். பழைய வீட்டின் பின்சுவர் செங்கல், அதைக் கடந்துதான் ஒயர் புதுக் குசினிக்கு வர வேண்டும். ஒயரைச் சுவரில் நேராகப் புதைத்துச் சிமெண்டு பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஒயரை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். சுவரில் விரிசல் விட்டால் ஒயரும் இழுபடும். 20 அல்லது 25 மில்லி பைப் ஒன்றைச் சுவரின் தடிப்பத்துக்கு வெட்டிப் பதித்தால், ஒயர் அதற்குள் உருவிக்கொள்ள வசதியாகக் கிடக்கும். வெட்டிய முனையைக் கத்தியால் சீவிப் பிசிறு எடுத்து, முனையை மழுங்கலாக்கும் புஷ் மாட்ட வேண்டும். பைப்பின் உள்பரப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒயரால் நிரப்பக் கூடாது, நிரப்பினால் சூடு போக இடமில்லை. சாதாரண பிவிசி ஒயர் செம்பின் சூடு 70 டிகிரி வரைதான் தாங்கும்.

வெளிச்சுவர் என்றால் பைப் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் புத்தகத்தில் காட்டவில்லை. தோட்டத்துத் துரை பங்களாவில் பழைய ஒயரைக் கழற்றும் வேலைக்குச் சின்ன வயதில் போனபோது பார்த்தேன். பலகைச் சுவரில் வெள்ளைப் பீங்கான் குழாய்கள், விரல் நீளம், ஒரு முனையில் தலை வைத்தது, எல்லாம் ஒரே சரிவில் வெளியே பார்த்து இறங்கியிருந்தன. உள்ளே ஓடிய ஒயரின் ரப்பர் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. குழாய்கள் நேற்று வைத்தது போல இருந்தன. ஒயர் செத்தும் துளை சாகவில்லை. அன்றிலிருந்து துளையைப் பார்க்கும் என் கண் மாறியது. ஒயர் வெளியே வந்ததும் நேராக மேலே ஏறாமல் ஒரு முழங்கை கீழே தொங்கி ஏற வேண்டும் என்பதும் அங்கே பார்த்ததுதான். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், துளைக்கு வராது.

பைப்பின் குறை, அது ஒயரைப் பிடிக்காது, இரண்டு முனையும் திறந்தே இருக்கும். பல்லியும் எறும்பும் வரும். முனையை அடைக்க வேண்டும். இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவர் என்றால் வெறும் சிலிக்கான் போதாது. நெருப்புப் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் தனிப் பசை இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும், பைப்பின் வெளிச்சுற்றில் சிமெண்டும் நிரம்பியிருக்க வேண்டும். பலகைத் தடுப்பு வைத்த பழைய லயங்களில் ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குப் போக ஒரு துளை போதும். வெள்ளைத் தெர்மோகோலைத் திணித்து அடைப்பது வேண்டாம். பிவிசியின் மென்மையைத் தெர்மோகோல் உறிஞ்சிக்கொள்ளும், ஒயர் விறைத்து வெடிக்கும்.

துளைக்கு இன்னொரு விதி உண்டு, இரும்புத் தகட்டுக்கு மட்டும் உரியது. லைவையும் நியூட்ரலையும் தனித்தனித் துளையில் விடக் கூடாது. இரண்டும் ஒரே துளையில் போனால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழிக்கும். பிரித்தால் நடுவில் இருக்கும் இரும்பில் காந்தம் சுழன்று சூடாகும். குசினி ஒயரில் இது பெரிதாகத் தெரியாது. ஆலையில் ஒரு பெரிய விசிறிக்கு மூன்று ஃபேஸையும் மூன்று துளையில் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு துளையிலும் அருமையான கிளாண்ட். ஆனாலும் தகட்டின் பெயிண்ட் பழுப்பேறி, கை வைக்க முடியாத சூடு. துளைக்குத் துளை இரும்பை வெட்டிச் சேர்த்து ஒரே வாயாக்கிய பிறகுதான் ஆறியது. பிறகு அந்த இரும்புத் தகட்டையே எடுத்துவிட்டு அலுமினியம் போட்டோம்.

ஆலையில் எனக்குப் பிடித்த துளை ட்ரான்ஸ்ஃபார்மர் தலையில் இருந்தது. 11,000 வோல்ட் லைன் இரும்புத் தொட்டிக்குள் இறங்கும் இடம். அங்கே நிற்கும் பழுப்புப் பீங்கானைப் புஷ்ஷிங் என்போம். ரப்பர் வளையம் செய்யும் அதே வேலை, அளவுதான் வேறு. மின்னழுத்தம் மிகவும் நெருக்குவது தொட்டி விளிம்பில், ஏனென்றால் எர்த் ஆன இரும்பு அங்கேதான் செம்புக்கு மிக அருகில் வருகிறது. அதனால்தான் அந்த இடத்தில் பீங்கான் தடித்திருக்கும். மேலே பாவாடை பாவாடையாக அடுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. தூசியும் ஈரமும் படிந்த மேல்பரப்பில் கரண்டு ஊர்ந்து வர வேண்டிய தூரத்தை நீட்டுவதற்கு. தூசி அதிகமான இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 25 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. 12 கிலோவோல்ட் சாமானுக்கு 300 மில்லி, கிட்டத்தட்ட ஒரு அடி. பாய்லர் சாம்பல் பறக்கும் ஆலையில் அந்த ஒரு அடியையும் துணியால் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றுவோம், லைனை அடைத்து எர்த் மாட்டிய பிறகு.

காப்பைப் பற்றிய பழைய கதை ஒன்றும் இந்தக் காட்டுக்குச் சொந்தம். மலாய்க் காடுகளின் தாபான் மரத்துப் பாலைத்தான் 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கடலடித் தந்திக் கம்பிக்குக் காப்பாகச் சுற்றினார்கள். கட்டாப்பெர்ச்சா என்று பெயர். கடல் தண்ணீரில் ரப்பர் கெடும், இது கெடாது. அதற்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் கணக்கற்றவை.

சரி, அக்காவின் குசினி. புஷ்ஷிங்கில் கற்றதை நான் தகரத்துக்குக் கொண்டுவந்தேன். உலோகத்துக்கும் ஒயருக்கும் நடுவே மெத்தை வைப்பதைவிட உலோகத்தையே தூரத் தள்ளுவது மேல். தகரத்தில் 20 மில்லித் துளைக்குப் பதிலாக நான்கு அங்குலச் சதுரம் வெட்டுகிறோம். அதன்மேல் ஆறு அங்குலச் சதுர பிவிசிப் பலகை, 6 மில்லி தடிப்பம், நான்கு மூலையிலும் திருகாணி, சுற்றிலும் நியூட்ரல் சிலிக்கான். பலகையின் நடுவில் எம்20 துளை, அதில் கறுப்பு நைலான் கிளாண்ட். இப்போது ஒயருக்கு மிக அருகில் இருக்கும் தகர விளிம்பு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. கிளாண்ட் ரப்பர் பத்து வருஷத்தில் கெட்டுப்போனாலும் ஒயர் உரசுவது பிளாஸ்டிக்கில்தான். தலை தொங்கும் பிரச்சினையும் தீர்ந்தது, 6 மில்லிப் பலகை குழியாது.

செலவு கூடுமா என்று அக்கா கேட்டாள். பலகைத் துண்டு விளம்பரப் பலகை செய்யும் கடையில் கழிவாகக் கிடைத்தது. கிளாண்ட் சில வெள்ளி. ரப்பர் வளையத்தோடு பார்த்தால் கூடுதல்தான், ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கும்.

செங்கல் சுவருக்கு 25 மில்லி பைப், சரிவோடு. புதுக் குசினியின் சின்ன டி.பி பெட்டி பிளாஸ்டிக்கா இரும்பா என்று கேட்டான், பிளாஸ்டிக் என்றேன், ஈரமான இடம். பழைய வீட்டு மெயின் பெட்டி இரும்பு, அதன் துளையில் ரப்பர் வளையம் போதும், உலர்ந்த இடம், தடித்த தகடு, ஒயரை உள்ளே கிளிப் பிடித்திருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று துளைக்கு மூன்று பதில். எல்லாவற்றுக்கும் ஒரே பையில் ஒரே சாமானாக வாங்கிவிடுவதுதான் பலர் செய்கிற தவறு.

கிளாண்டே வேண்டாம், தகரத்துக்கும் கூரைக்கும் நடுவே மர உத்திரத்தின் மேலாக ஒயரை விட்டால் துளையே இல்லையே என்று மருமகன் கடைசியில் ஒரு யோசனை சொன்னான். நல்ல யோசனை. மரத்தில் பைப் அடித்து, தகரத்தைத் தொடாமல் கொண்டுபோக இடம் இருந்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். அக்கா வீட்டில் உத்திரத்துக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான், அதுவும் எலி ஓடும் பாதை. அதனால் விட்டோம். உங்கள் வீட்டில் இடம் இருந்தால் விடாதீர்கள்.

நிரந்தர ஒயரிங் வேலையை, எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். பலகை வெட்டுவதும் பைப் பதிப்பதும் மருமகன், ஒயர் இழுத்துச் சேர்ப்பது வயர்மேன் என்று பேசியிருக்கிறோம். சேர்த்த பிறகு, கரண்டு விடும் முன், காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்து லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது, புது வேலை என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். அதோடு நான் ஒன்று கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்: மெக்கரின் ஒரு முனையைத் தகரச் சுவரிலேயே, பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், வைத்துப் பார்க்கச் சொன்னேன், ஒவ்வொரு தகட்டிலும். வயர்மேன் சரி என்றார். சனிக்கிழமை காலை வருகிறார். மருமகன் வட்டத் துளை வெட்டும் ஹோல் சா வாங்க வேண்டாம், 20 மில்லியில் என்னுடையது இருக்கிறது.